போஞ்சிக் கொடி எந்தப் பக்கம் சுற்றும்?

மழை விட்டு ஐந்து நிமிடம் இருக்கும். கூரை ஓட்டிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நானும் என் மனைவி பாக்கியமும் விளக்கு ஏற்றாமல் குசினி யன்னலோரம் நின்றோம். வெளியே வெளிச்சம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

வீட்டுச் சொந்தக்காரர் கந்தவனத்தார் வேலியோரமாக வந்தார். குளித்து, திருநீறு பூசி, ஈரத் தலையோடு இருந்தார். இடது கையில் பூக்கூடை. செவ்வரத்தையில் நான்கு பூப் பறித்தார். நந்தியாவட்டையில் ஒரு பிடி. பிறகு எங்கள் போஞ்சிப் பாத்திக்குள் காலை வைத்தார்.

கூடையைக் கீழே வைத்தார். முதலாவது தடியில் ஏறியிருந்த கொடியின் நுனியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அவிழ்த்தார்.

"பாத்தீங்களா?" என்றாள் பாக்கியம். அவளுடைய நகம் என் கையில் பதிந்தது. "நான் சொன்னேன்ல? காத்தும் இல்ல, கோழியும் இல்ல. இவருதான்."

எட்டு நாட்களாக ஒவ்வொரு விடியலிலும் கொடிகள் தடியை விட்டு விழுந்து கிடந்தன. மூன்று நுனிகள் ஒடிந்திருந்தன. எட்டு நாள் என்பது அப்போது எங்களுக்குச் சின்ன விஷயமல்ல. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஒரு கறிக்குக் காய்

அது எழுபதுகளில், விடியமுன்னம் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். பருப்பு கண்ணில் படாது. அரச அலுவலகமான கச்சேரியின் முற்றத்தில் றோசாச் செடிகளைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டிருந்தார்கள். அதைச் செய்தியாக எழுதிக் கொழும்புக்கு அனுப்பியவன் நான். கொழும்புப் பத்திரிகை ஒன்றின் திருகோணமலை நிருபராக இருந்தேன். பாலையூற்றில் கந்தவனத்தாரின் வளவுக்குள், அவருடைய வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தோம்.

பாக்கியம் மலைநாட்டில் வெலிமடைப் பக்கத்துப் பெண். அவளுடைய தகப்பன் குத்தகைக்கு நிலமெடுத்து மரக்கறி செய்தவர். திருமணமாகி இங்கே வந்த முதல் வாரம், குறிஞ்சாக்கேணியிலிருந்து மரக்கறி விற்க வரும் மீராசாகிபு காக்காவின் சைக்கிள் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு போஞ்சியை எடுத்தாள். இரண்டு நுனியையும் பிடித்து வளைத்தாள். அது கயிறு மாதிரி வளைந்தது, ஒடியவில்லை.

"சத்தம் வரலயே," என்றாள்.

"மலையில இருந்து லொறியில ரெண்டு நாள் வந்த காய் தங்கச்சி," என்றார் காக்கா. "உங்களுக்குச் சத்தமும் சேத்துத் தரோணும் எண்டா நான் வாயாலதான் போடோணும்."

அவள் சிரித்தாள். அந்த வாரம் முழுவதும் சத்தம் வராததையே சொல்லிக்கொண்டும் இருந்தாள். அவர்கள் ஊரில் போஞ்சி ஒடிக்கும் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்குமாம்.

எங்கள் குசினிக்கும் வேலிக்கும் இடையில் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. முப்பதடி நீளம், பத்தடி அகலம், நான் அளந்திருக்கிறேன். அதில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விடுவது கந்தவனத்தாரின் திட்டம். அறை எழும்பினால் குசினி யன்னலிலிருந்து கை நீட்டினால் சுவர் தட்டும். காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

"செவுரு வந்துருச்சின்னா நான் இங்க இருக்க மாட்டேங்க," என்று பாக்கியம் என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள். கோபத்தில் சொன்னதல்ல. மூச்சு விடமுடியாத இடத்தில் இருக்கமுடியாது என்பதைத் தகவலாகச் சொன்னாள்.

கார்த்திகை மாதத் தொடக்கத்தில் அவளுடைய தகப்பன் லொறிச் சாரதி ஒருவரிடம் ஒரு கைக்குட்டை முடிச்சைக் கொடுத்தனுப்பினார். உள்ளே இருபத்தேழு போஞ்சி விதைகள். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நேரே கந்தவனத்தாரிடம் போனாள்.

"போஞ்சியோ? இஞ்சயோ?" என்றார் அவர். "பிள்ளை, இது திருகோணமலை. இஞ்ச வெய்யிலுக்கு மனிசரே வாடிப்போகினம். பூக்கும், கொட்டும். காய்க்காது."

"மழ மாசத்துல குளிருதே ஐயா. அது போதுங்க."

"உங்கட மலைக் குளிர் எங்க, இது எங்க?"

"நட்டுப் பாக்குறேனுங்க."

அவர் வேலிவரை நிலத்தைக் கண்ணால் அளந்தார். "மார்கழியில நான் அத்திவாரம் வெட்டமாட்டன். தைக்குத்தான் நாள் பாத்திருக்கிறன். அது மட்டும் நிலம் சும்மாதானே கிடக்கும். நடும். பொங்கலண்டைக்கு ஒரு கறிக்குக் காய் பிடுங்கினீர் எண்டால் அறையை மறந்துபோறன். இல்லாட்டி மேசன் வருவான்."

"சரிங்க ஐயா. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

"இப்பதான் குடிச்சனான்."

இந்தப் பதிலைப் பற்றியும் சொல்லவேண்டும். நாங்கள் குடிவந்து ஒரு வருடத்துக்கு மேல். எந்த நேரத்தில் கேட்டாலும் அவர் அப்போதுதான் தேநீர் குடித்திருப்பார். மலைநாட்டிலிருந்து வந்தவளின் குசினியில் அவர் தண்ணீர்கூடத் தொட்டதில்லை. முகம் சுளித்ததுமில்லை. பாக்கியமும் கேட்பதை நிறுத்தியதில்லை.

மண்ணைத் தூக்கிய கழுத்து

விதைத்து ஐந்தாம் நாள் மண்ணில் ஒரு வெடிப்பு. நான் அதைச் சாதாரண வெடிப்பு என்றே நினைத்தேன். காலையில் கச்சேரிக்குப் போய் மத்தியானம் திரும்பியபோது, வெடிப்புக்கு மேலிருந்த மண் கட்டி சாய்ந்திருந்தது. உள்ளே வெளிறிய பச்சையில், வளைந்த ஒரு கழுத்து.

போஞ்சி தலையை நீட்டிக்கொண்டு வெளியே வருவதில்லை. முதலில் கழுத்தை வளைத்து, முதுகால் மண்ணைத் தூக்குகிறது. பிறகு பின்னால் நின்று இழுப்பதுபோலத் தலையை வெளியே எடுக்கிறது. தலை என்பது நாங்கள் புதைத்த அதே விதை, இரண்டாகப் பிளந்தபடி. அந்த மண் கட்டியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு முட்டை அளவு கனம் இருந்தது. தூக்கிய கழுத்து ஈர்க்கைவிடச் சற்றுத் தடிப்பு.

"எத்தன தடவ பாத்திருக்கேன், இன்னும் நம்ப முடியலீங்க," என்றாள் பாக்கியம். அவள் பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவள். அவளே இப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இருபத்தேழில் பத்தொன்பது முளைத்தன. மற்றவை மழையில் அழுகிவிட்டன. மீராசாகிபு காக்கா ஒரு சாக்கு ஆட்டெரு கொண்டுவந்து போட்டார். கிண்ணியாத் துறையில் ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் தட்டையான தோணியை நாங்கள் பாதை என்போம். அந்தப் பாதையில் எருச் சாக்கோடு ஏறியதற்கு மற்றவர்கள் தன்னை ஏசினார்கள் என்றார்.

"என்ட யாவாரத்துக்கு நானே குழி வெட்டுறன் பாருங்க," என்றார் எருவைக் கொட்டியபடி.

கமுகஞ் சிலாகைகளை நான் பிளந்து தடிகளாக நட்டேன். பதினெட்டோடு சிலாகை முடிந்துவிட்டது. வேலி மூலையில் நின்ற பத்தொன்பதாவது செடிக்குத் தடி இல்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன். அந்த நாளை வரவில்லை. அதற்கும் காரணம் இருந்தது.

கொடிகள் ஏறத் தொடங்கின. அப்போதுதான் காலையில் விழுந்து கிடப்பதும் தொடங்கியது.

"திருத்தி விட்டனான்"

திரும்பவும் அந்த விடியல்.

பாக்கியம் பின் கதவைத் திறந்துகொண்டு போனாள். நான் பின்னால் போனேன். கந்தவனத்தார் மூன்றாவது தடியில் நின்றார். கையில் வாழை நார்.

"ஐயா, தோட்டம் வேணாம்னா நேரா சொல்லியிருக்கலாமே. நானே புடுங்கியிருப்பேன். இப்படி வந்து அவுத்து விடணுமா?"

அவர் திகைத்துப்போனார். பயந்த முகமல்ல; புண்பட்ட முகம்.

"அவிழ்க்கேல்லப் பிள்ளை," என்றார். "திருத்தி விட்டனான்."

"எதை?"

"எல்லாம் இடமாச் சுத்துது. வந்து பாரும். ஒண்டு ரெண்டெண்டால் போகட்டும். இத்தினையும் இடமாத்தான் ஏறுது." அவர் அவிழ்த்த கொடியைக் காட்டினார். அதைத் தடியில் எதிர்ப் பக்கமாக, கோயிலை வலம் வரும் பக்கமாகச் சுற்றி, வாழை நாரால் இறுக்காமல் கட்டியிருந்தார். "நான் ஒவ்வொரு நாளும் வலமாச் சுத்தி விடுறன். அது விடியிறதுக்கிடையில கழண்டு கிடக்குது. இண்டைக்குத்தான் நார் கொண்டுவந்தனான்."

அவருடைய கைகளுக்கு அந்தப் பக்கம்தான் தெரியும். வெள்ளைக்காரரின் கடற்படை இங்கே இருந்த காலத்தில் அவர் துறைமுகத் தளத்தின் கயிற்றுக் களஞ்சியத்தில் வேலை செய்தவர். கப்பல் கட்டும் வடத்தை வலமாகத்தான் சுருட்டி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் முறுக்கு விழும் என்று எனக்குப் பலமுறை செய்து காட்டியிருக்கிறார். தொடையளவு தடித்த வடத்தைப் பத்துப் பேர் தூக்கி வர, அது சுருள் சுருளாகத் தானே படுத்துக்கொள்வதைக் கையால் வரைந்து காட்டுவார். வெள்ளைக்காரர் போனபிறகு வேலை போனது. கை அந்தச் சுருளை மறக்கவில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே ஐயா," என்றாள் பாக்கியம். குரல் இறங்கியிருந்தது.

அவர் பூக்கூடையை எடுத்தார். பிறகு திரும்பக் கீழே வைத்தார்.

"செத்தவீட்டிலதான் இடமாச் சுத்துறது, பிள்ளை. எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. மனுசிக்கு நான்தான் கொள்ளி வைச்சனான். மூண்டு தரம் அவவை இடமாச் சுத்தினனான். இனி இந்த வளவுக்குள்ள ஒண்டும் அப்பிடிச் சுத்தக் கூடாது எண்டுதான்."

ஓட்டிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"எங்க ஊருல மலை மலையா இப்படித்தாங்க ஐயா சுத்தும்," என்றாள் பாக்கியம் கடைசியாக. "ஒண்ணு கூட மாறாது."

"மலை மலையாவோ?"

"ஆமாங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "பேப்பர்காரத் தம்பி, உண்மையோ?"

ஈர்க்கு வட்டம்

எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன்.

முன்பொருமுறை உப்புவெளிக் கரையில் திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது. நான் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. நின்றவர்கள் சொன்ன நீளத்தை எழுதி அனுப்பினேன். மறுநாள் காலையில் காலடி வைத்து அளந்தால் அதில் பாதிதான். பத்திரிகையில் திருத்தம் போட்டார்கள். எழுத்து சிறியது, ஆனால் ஊர் முழுவதும் அதைத்தான் வாசித்தது. சந்தையில் மீன் வாங்கப் போனால், "நிருபர் ஐயா, இந்தச் சூடை எத்தினை முழம்?" என்று கேட்பார்கள். அதன்பிறகு நானே அளக்காத எதையும் எழுதுவதில்லை, சொல்வதுமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை, காற்றும் இல்லை. தடி இல்லாத பத்தொன்பதாவது செடிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டேன். அதன் நுனி எதையும் பற்றாமல், வெறும் காற்றில் சாய்ந்து நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்து, நுனிக்கு நேர் கீழே மண்ணில் ஓர் ஈர்க்கைக் குத்தினேன். எட்டு மணி.

எட்டேகாலுக்கு நுனி ஈர்க்குக்கு மேலே இல்லை. ஒரு கையளவு தள்ளி இருந்தது. இரண்டாவது ஈர்க்கைக் குத்தினேன்.

கந்தவனத்தார் குடையோடு வந்தார். மூன்றாவது ஈர்க்கை நான் குத்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கண்மட்டத்துக்குக் குத்தினால் பிழையாப் போகும் தம்பி," என்றார். வீட்டுக்குப் போய் ஒரு நூலில் சின்னக் கல்லைக் கட்டிக்கொண்டு வந்தார். நுனிக்கு அருகே நூலைப் பிடித்துத் தொங்கவிட்டார். கல் அசைந்து, அசைந்து, நின்றது. "இப்ப குத்தும்."

அவருக்கும் ஒரு கதிரை போட்டேன். பாக்கியம் தேநீர் கொண்டுவந்தாள்.

"இப்பதான் குடிச்சனான்," என்றார் அவர், கண்ணை எடுக்காமல்.

நாங்கள் இருவரும் ஒரு செடியை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்தால் அசைவதில்லை. கண்ணை எடுத்து, வேலியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அது வேறிடத்தில் நிற்கும். திருடன் நடப்பது போல என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் அதில் களவு எதுவும் இல்லை. எங்களைப் பற்றிய நினைப்பே அதற்கு இல்லை. அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

மீராசாகிபு காக்கா சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன, ரெண்டு பேரும் போஞ்சிக்குக் காவலா?"

"அது நடக்குது, காக்கா," என்றேன்.

"நடக்குதா? அப்ப கட்டி வைங்க. வெலிமடைக்கே போயிரும்."

சொல்லிவிட்டு அவரும் நின்றார். மூன்று பேருமாக நின்றோம். ஒன்பதே முக்காலுக்கு எட்டாவது ஈர்க்கு முதலாவது ஈர்க்குக்கு ஒரு விரற்கடை தள்ளிக் குத்தப்பட்டது. மண்ணில் ஒரு வட்டம். கொஞ்சம் கோணல், ஆனால் வட்டம்தான். இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக, கண்ணில்லாத ஒரு கொடி தன்னைச் சுற்றியிருந்த காற்றை முழுக்கத் தடவிப் பார்த்து, பிடிக்க ஒன்றுமில்லை என்று அறிந்து, மறுபடியும் தொடங்கியிருந்தது.

நான் பாராளுமன்றத் தேர்தல்களைப் பார்த்திருக்கிறேன். துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்கள் விளக்கேற்றி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்த எட்டு ஈர்க்குகளைப் பார்த்தபோதுதான் என் உடம்பு சிலிர்த்தது.

காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "படைச்சவன்ட வேல," என்றார் தணிந்த குரலில். அதன்பிறகு பகடி எதுவும் பேசாமல் சைக்கிளை எடுத்தார்.

கந்தவனத்தார் விரலால் ஈர்க்குகளை வரிசையாகத் தொட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. அவருடைய விரல் போன பக்கம் இடம்.

"இடம்தான்," என்றார். எழுந்து போய்விட்டார்.

சாக்கில் படுத்திருந்தவர்

அன்றிலிருந்து அவர் கொடிகளைத் தொடவில்லை. பூப் பறிக்க வரும்போது பாத்திப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் போனார். அதைப் பார்க்க எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. கொடிகளோ தடியின் உச்சியை எட்டிவிட்டன.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பாக்கியம் கத்தினாள். "ஏங்க! ஐயா விழுந்துட்டாரு!"

ஓடினேன். போஞ்சிப் பாத்திக்கு நடுவே, ஈர மண்ணில் சாக்கு விரித்து, கந்தவனத்தார் மல்லாக்கப் படுத்திருந்தார். நெஞ்சில் பூக்கூடை. கண் திறந்திருந்தது.

"சத்தம் போடாதையும்," என்றார். "தம்பி, இஞ்ச வந்து படும்."

"என்ன ஐயா?"

"படும் எண்டுறன்."

படுத்தேன். முதுகில் குளிர் ஏறியது. தலைக்கு இரண்டு பக்கமும் வேர் நின்ற இடங்கள். அங்கிருந்து பதினெட்டுக் கொடிகள் வானத்தை நோக்கிப் போயின. இலைகளுக்குப் பின்னால் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

"ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு கண்ணால போம்," என்றார். "அடியில இருந்து நுனிக்கு. எந்தப் பக்கம் போகுது?"

ஒரு கொடியை எடுத்துப் பின்தொடர்ந்தேன். அது சிலாகைக்குப் பின்னால் மறைந்து, முன்னால் வந்து, மறுபடியும் மறைந்தது. இன்னொன்றை எடுத்தேன். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, அந்தரத்தில் பிடித்து, அது போன வழியே சுற்றிப் பார்த்தேன்.

கடிகார முள் போகும் பக்கம்.

"வலம்," என்றேன்.

"வலம்தானே?" அவர் விரலால் ஒரு கொடியின் வழியைக் காற்றில் சுற்றிக் காட்டினார். "வேர் இருக்கிற இடத்தில இருந்து பாத்தால் வலம்தான் வருது. நாங்கள் மேல நிண்டு பாத்துப்போட்டு அதைப் பிழை எண்டனாங்கள்."

கண்ணாடியில் வலது கை இடது கையாவது போன்ற கணக்குத்தான் இது. எந்தச் சுருளையும் கீழிருந்து பார்த்தால் பக்கம் மாறும். எழுதிவிட்டால் இரண்டு வரி. ஆனால் அந்த மண்ணில், அந்த மனிதருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்தபோது அது எனக்குக் கணக்காகத் தெரியவில்லை. அவர் மூன்று முறை சுற்றி வந்ததை, சிதையில் படுத்திருந்த மனைவி எந்தப் பக்கமாகப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். அவரும் அதைத்தான் நினைத்திருப்பார். கேட்கவில்லை.

பாக்கியம் இரண்டு பேரையும் பார்த்தபடி இடுப்பில் கை வைத்து நின்றாள். "எழும்புங்க. சளி பிடிக்கப் போகுது ரெண்டு பேருக்கும்."

பூ கொட்டிய கிழமை

மார்கழி நடுவில் பூத்தது. வெள்ளைப் பூ, சின்ன வண்ணத்துப்பூச்சி இறகை மடித்ததுபோல. நான் எண்ணத் தொடங்கி அறுபதோடு விட்டுவிட்டேன்.

அதே கிழமை மழை நின்றது. நான்கு நாள் வெயில் சித்திரை மாதத்து வெயில்போல அடித்தது. ஐந்தாம் நாள் காலை பாத்தி வெள்ளையாக இருந்தது. கொடியில் இல்லை, மண்ணில்.

பாக்கியம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டாள். அழவில்லை. "பொங்கலுக்கு இன்னும் எத்தன நாளுங்க?" என்று மட்டும் கேட்டாள். அவள் சொல்லாமல் விட்டது எங்கள் இருவருக்கும் தெரியும்: அந்த எட்டு விடியல்கள் வீணாகியிராவிட்டால், மழை இருக்கும்போதே பூத்திருக்கும்.

கந்தவனத்தாருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். அன்று மத்தியானம் தென்னோலை இரண்டை இழுத்துக்கொண்டு வந்து, பாத்திக்கு மேற்குப் பக்கம் நட்டு நிழல் கட்டினார். யாரும் கேட்கவில்லை. பின்னேரங்களில் கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி ஓலையை நனைத்தார். அறை கட்டப்போகிறவர் அவர். அது எழும்பக் கூடாது என்று தண்ணீர் அள்ளுகிறவரும் அவர். சொன்ன சொல்லை மட்டும் அவர் மாற்றவில்லை. அவளும் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை.

பிறகு வாடைக் காற்று திரும்பியது. இரண்டாம் முறை பூத்தது. ஒரு காலை, வாடிய பூவொன்றின் நுனியில் தையல் ஊசி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பச்சை ஊசி, மெல்லிய மயிரோடு. மறுநாள் அது தீக்குச்சி. அதற்கு மறுநாள், பாக்கியத்தின் சின்னவிரல்.

பொங்கலன்று காலை அவள் காய்களை எண்ணினாள். ஏழு. அதில் நீளமானது அவளுடைய விரலை இன்னும் தாண்டவில்லை.

கந்தவனத்தார் பொங்கலோடு வந்தார். பாத்தியைப் பார்த்தார்.

"ஒரு கறிக்கு வரலீங்க ஐயா," என்றாள் பாக்கியம் அவர் கேட்பதற்கு முன்பே. "பேச்சு பேச்சுதாங்க."

அவர் தலையசைத்தார். பொங்கலை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

மூலைக்கட்டை

மூன்றாம் நாள் பின்னேரம் மேசன் வந்து நிலத்தை அளந்தார். வேலியில் நின்ற கிளுவையில் நான்கு கதியால் கொம்புகள் வெட்டி, நான்கு மூலைக்கும் அடித்தார். இடுப்பளவு உயரம். அவற்றுக்கிடையில் நூல் இழுத்துக் கட்டினார். அத்திவாரம் வெட்டத் தொடங்கும் ஈசான மூலைக்குரிய கட்டை, பத்தொன்பதாவது செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது.

அந்தச் செடிக்கு நான் கடைசிவரை தடி நடவில்லை. வட்டம் பார்ப்பதற்காகச் சும்மா விட்டேன், பிறகு பழகிவிட்டது. "அதுக்கும் ஒரு குச்சி குடுங்க, பாவம்," என்று பாக்கியம் பலமுறை சொன்னாள். அது மண்ணில் படர்ந்து, நுனியை மட்டும் தூக்கி, ஒரு மாதமாகக் காற்றைத் தடவிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியல். யன்னலில் நாங்கள். சாமான்களை எந்தப் பெட்டியில் அடுக்குவது என்று முதல்நாளே கதைத்திருந்தோம்.

கந்தவனத்தார் பூக்கூடையோடு வந்தார். செவ்வரத்தை, நந்தியாவட்டை. ஈசான மூலைக்கு ஒரு பூ வைக்கப் போனவர், குனிந்தபடியே நின்றுவிட்டார்.

நான் வெளியே போனேன். பத்தொன்பதாவது கொடி மூலைக்கட்டையைப் பிடித்திருந்தது. இரவுக்குள் ஒன்றரைச் சுற்று. நுனி கட்டையோடு ஒட்டி மேலே பார்த்தது.

மேசன் மண் கிண்டும் அலவாங்கோடு வந்துசேர்ந்தார். "ஐயா, நல்ல நேரம் போகுது."

"கொஞ்சம் பொறும்."

அவருடைய கை கொடியிடம் போனது. அதே இரண்டு விரல். எட்டு விடியல்களில் பதினெட்டுக் கொடிகளை நோகாமல் அவிழ்க்கப் பழகிய விரல்கள். இதை அவிழ்க்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். விரல்கள் கொடிக்கு மேலே, தொடாமல், அப்படியே நின்றன.

"நூலை மட்டும் கழட்டும்," என்றார்.

"கட்டையள்?"

"மற்ற மூண்டையும் பிடுங்கும். இது நிக்கட்டும்."

"அப்ப வேலை?"

"வேலை இல்லை. நேரம் பாத்தது என்ர பாடு. உமக்கு இண்டைக்குக் கூலி இருக்கு. போய் முன்னுக்கு இருந்து வெத்திலை போடும்." பிறகு என்னிடம், ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல: "ஒரு மாதமாத் தேடித் தேடி இப்பதான் ஒண்டைப் பிடிச்சிருக்கு, தம்பி. இதை என்னால அவிழ்க்க ஏலாது."

யன்னலில் பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, தேத்தண்ணி வைச்சிருக்கிறீரோ?"

அவள் கொண்டுவந்த கோப்பையை அவர் நின்றபடியே வாங்கிக் குடித்தார். சீனி இல்லாத காலம். பனங்கட்டித் துண்டை உள்ளங்கையில் வைத்துக் கடித்துக் கடித்துக் குடித்தார். கோப்பையைத் தானே கழுவித் தந்தார். அவள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு குசினியில் போஞ்சி ஒடியும் சத்தம் கேட்டது. முன்வீட்டிலிருந்து, "கேக்குது, கேக்குது," என்று கந்தவனத்தார் குரல் கொடுத்தார். மீராசாகிபு காக்காவுக்கும் ஒரு கை பிடுங்கிக் கொடுத்தோம். ஒன்றை ஒடித்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "இத எப்பிடி நான் வாயால போடுறது?" என்று கேட்டார்.

கிளுவங் கதியாலுக்கு மண்ணும் மழையும் போதும். அந்த மூலைக்கட்டை மாசியில் துளிர்த்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் அந்த வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளில் அது மரமாக நின்றது. அந்த வருடம் நட்ட போஞ்சிக் கொடி காய்ந்து அதில் சுற்றிக் கிடந்தது. நின்றபடி மேலிருந்து பார்த்தேன்: இடம். லொறிக்காரர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, வேர்ப் பக்கமிருந்தும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.